பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா முதல் தடவையாக என் தங்கையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பியபோது, "எத்தனை மணி நேரம்ப்பா ஃப்ளைட்டு?" என்று கேட்டார். "பதினாறு" என்றேன். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டைப் பூட்டியதிலிருந்து, சான் பிரான்சிஸ்கோ பக்கத்துச் சன்னிவேலில் தங்கை வீட்டுச் சோபாவில் உட்காரும் வரை இருபத்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் போனிலேயே, "நீ சொன்ன பதினாறு எந்த ஊர்க் கணக்குடா?" என்றார்.

நியாயமான கேள்விதான். "எவ்வளவு நேரம்" என்று கேட்டால் நான்கு வெவ்வேறு பதில்கள் இருக்கின்றன: விமானம் காற்றில் இருக்கும் நேரம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், இரண்டு ஊர்க் கடிகாரங்களும் காட்டும் வித்தியாசம், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம். பயணம் போகிறவருக்கு வேண்டியது கடைசிப் பதில். ஆனால் முதல் மூன்றும் தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. பெங்களூர் – சான் பிரான்சிஸ்கோவை வைத்து அதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பிள்ளை சிட்னியில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

படி 1: எந்த விமான நிலையம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பெங்களூருக்கு பி.எல்.ஆர்., சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ. அந்த வட்டாரத்திலேயே சான் ஹோசே என்று இன்னொரு விமான நிலையம் உண்டு. அதன் குறியீடு எஸ்.ஜே.சி. கோஸ்டா ரிக்கா நாட்டின் தலைநகரும் சான் ஹோசேதான், அதன் குறியீடு எஸ்.ஜே.ஓ. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் வேறு நாட்டுக்கே டிக்கெட் போட்டுவிடலாம். சிட்னி என்ற பெயரிலும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் ஊர் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அல்சூர்க்காரர்களுக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. 2008 மே மாதம் வரை எச்.ஏ.எல். விமான நிலையம்தான் பெங்களூருக்கு. வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். அந்தச் சாலைக்கு இன்னும் பழைய ஏர்போர்ட் ரோடு என்றுதான் பெயர். இப்போது தேவனஹள்ளி. அந்தத் தூரம் கடைசிப் படியில் கணக்கில் வரும்.

படி 2: நூலை எடுங்கள், தூரத்தை அளக்கலாம்

இணையத்தில் தேடினால் தூரம் ஒரு நொடியில் வந்துவிடும். இருந்தாலும் ஒரு தடவை கையால் அளந்து பாருங்கள். விமானம் ஏன் அந்த வழியாகப் போகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கிய உலக உருண்டை ஒன்று போதும். அம்மா பூக்கட்டும் நூல்கண்டிலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு மேல் வெட்டிக்கொண்டேன். முதலில் நூலை நிலநடுக்கோட்டின் மேல் சுற்றி அளக்க வேண்டும். எங்கள் வீட்டு உருண்டையில் 96 செ.மீ. வந்தது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால் 1 செ.மீ. என்பது ஏறத்தாழ 417 கி.மீ.

அடுத்து நூலின் ஒரு முனையைப் பெங்களூர் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் இழுத்துப் பிடியுங்கள். நூல் தொளதொளவென்று கிழக்கிலோ மேற்கிலோ தொங்கும். விறைப்பாக இழுக்க இழுக்க அதுவே வடக்கே நகரும். முழுக்க விறைத்ததும் பார்த்தால், பெங்களூரிலிருந்து கிட்டத்தட்ட வடக்கே ஏறி, நேபாளம், திபெத், சீனாவின் சின்ஜியாங், மங்கோலியா, சைபீரியா என்று போய், ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் கடலோரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இறங்கியிருக்கும். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "கீழே கடல் இருக்கிறதே, அது வழியாகப் போகாதா?" என்றார். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. உருண்டையின் மேல் விறைத்த நூலுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் அதுதான்.

என் நூல் 33.5 செ.மீ. வந்தது. 33.5-ஐ 96-ஆல் வகுத்து 40,000-ஆல் பெருக்கினால் 13,958 கி.மீ. பூக்கட்டும் நூலுக்கு இது ஒன்றும் மோசமில்லை.

படி 3: கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்

கணக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள் அடுத்த படிக்குப் போய்விடலாம், எதுவும் விட்டுப்போகாது. மற்றவர்கள் மொபைலில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்புங்கள். பெரும்பாலான போன்களில் சைன், கோசைன் பொத்தான்கள் அப்போது தெரியும்.

வேண்டியவை அட்சரேகையும் தீர்க்கரேகையும். பெங்களூர் விமான நிலையம் வடக்கு 13.2 டிகிரி, கிழக்கு 77.7 டிகிரி. சான் பிரான்சிஸ்கோ வடக்கு 37.6, மேற்கு 122.4. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 200.1. இது 180-க்கு மேல் போய்விட்டதால் 360-லிருந்து கழித்தால் 159.9.

இனி மூன்றே வரி. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2284 × 0.6101 = 0.1393. இரண்டின் கோசைன் மதிப்புகளையும், 159.9-இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9736 × 0.7923 × (−0.9391) = −0.7244. இரண்டையும் கூட்டினால் −0.5851. இதன் தலைகீழ் கோசைன் (cos⁻¹ பொத்தான்) 125.8 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 13,990 கி.மீ. பூமி கச்சிதமான உருண்டை இல்லை என்பதால் வலைத்தளங்கள் பத்துப் பதினைந்து கி.மீ. கூடக் காட்டும். நாம் 14,000 என்று வைத்துக்கொள்ளலாம். விமானிகள் பேசும் கடல் மைலில் வேண்டுமென்றால் 125.8-ஐ 60-ஆல் பெருக்குங்கள். சுமார் 7,550 கடல் மைல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. வட துருவத்தைத் தொட்டுவிட்டுப் போனால் எவ்வளவு கூடும்? பெங்களூரிலிருந்து துருவத்துக்கு 90 கழித்தல் 13.2, அதாவது 76.8 டிகிரி. துருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 52.4 டிகிரி. கூட்டினால் 129.2 டிகிரி, கி.மீ.-இல் 14,367. பெருவட்டப் பாதையைவிடக் கூடுதல் வெறும் 380 கி.மீ. பெங்களூரிலிருந்து காரில் சென்னைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பூமியின் உச்சந்தலையைச் சுற்றிக்கொண்டு போக நூலில் ஒரு செ.மீ.கூட ஆகாது! இந்த இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் கிட்டத்தட்ட எதிரெதிராக இருப்பதால்தான் துருவம் வழியே போனாலும் தூரம் பெரிதாக மாறுவதில்லை.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோ – பெங்களூர் நேரடிச் சேவையைத் தொடங்கியபோது முதல் விமானம் துருவப் பகுதியின் மேல்தான் வந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்த அனைவரும் பெண்கள். போயிங் 777-200 எல்.ஆர். ரக விமானம், 17 மணி நேரத்துக்கு மேல் பறந்து தேவனஹள்ளியில் இறங்கியது.

படி 4: நூல் போன வழியில் விமானம் போகுமா?

பெரும்பாலும் போகாது. காரணங்கள் பல, எனக்குத் தெரிந்த வரை முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது திபெத். அந்தப் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் ஆக்சிஜன் முகமூடி தாக்குப்பிடிப்பது கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்தான். கீழே தரையே 4,500 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் நீண்ட தூர விமானங்கள் பொதுவாக திபெத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இரண்டாவது, மூடிய வானம். 2022 முதல் ரஷ்யா தன் வான்வெளியை அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ், கனடிய நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. இந்திய நிறுவனங்களுக்கு மூடவில்லை. ஆகவே ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே எந்த நிறுவனத்தில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் நீண்ட சுற்று சுற்றின. அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போயின. டெல்லியைப் பாதித்த அளவுக்குப் பெங்களூரைப் பாதிக்கவில்லை. நமக்கு அரபிக்கடல் திறந்து கிடக்கிறது.

மூன்றாவது, அவசரத்துக்கு இறங்க இடம். இரண்டு எஞ்சின் விமானங்களில் ஒன்று நின்றுபோனால், மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதை அதற்கேற்ப வளையும். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது நினைவிருக்கலாம். இறங்கிய பயணிகள் மாற்று விமானம் வரும் வரை அங்கேயே தங்க வேண்டியிருந்தது.

இத்தனையையும் வீட்டில் உட்கார்ந்து கணக்கிட முடியாது. நான் பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டிவிடுவேன். 14,000 என்றால் 14,700. நிஜமாகப் போன பாதையைப் பார்க்க வேண்டுமென்றால் ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் அந்த விமான எண்ணைப் போட்டுக் கடந்த நாட்களின் கோடுகளைப் பாருங்கள். திங்கள் போன கோடும் செவ்வாய் போன கோடும் ஒன்றாக இருக்காது. அதற்குக் காரணம் அடுத்த படி.

படி 5: காற்றைக் கணக்கில் சேருங்கள்

பெரிய ஜெட் விமானங்களின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. இது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரைக்கு மேல் விமானத்தின் வேகம் மாறிவிடும். பரிசலில் ஆற்றோட்டத்தோடு போவதும் எதிர்த்துப் போவதும் மாதிரிதான். சீட்டின் முன்னால் உள்ள திரையில் ஒரு நேரம் 1,050 என்றும் இன்னொரு நேரம் 820 என்றும் காட்டுவது தரைவேகம்.

விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 150 முதல் 250 கி.மீ. வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். கிழக்கே போகிறவர்களுக்கு அது தள்ளுவிசை, மேற்கே போகிறவர்களுக்குத் தடை.

14,000 கி.மீ. தூரத்துக்குச் சராசரியாக 50 கி.மீ. பின்காற்று கிடைத்தால், 14,000-ஐ 950-ஆல் வகுக்க வேண்டும்: 14 மணி 44 நிமிடம். அதே 50 எதிர்க்காற்றாக வந்தால் 850-ஆல் வகுக்க வேண்டும்: 16 மணி 28 நிமிடம். வெறும் 50 கி.மீ. காற்றுக்கே ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம். பெங்களூரிலிருந்து போகும்போது சுமார் 16 மணி நேரமும், வரும்போது 17 மணி நேரத்துக்கு மேலும் ஆவது இப்படித்தான்.

காற்றின் சக்திக்கு டெல்லியிலிருந்து ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. விமானத்தின் 900 போக மீதி 150-ஐயும் காற்றுதான் கொடுத்தது. அதனால்தான் தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள் என்கிறேன்.

படி 6: டிக்கெட்டில் இருக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட்டில் உள்ள புறப்பாடு, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம். வருகை, போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் நேரம். ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதமாகிவிடக் கூடாது என்று நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவும் போட்டுவைக்கும். அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய் இறங்கும் வித்தை இதுதான்.

வீட்டுக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் சூத்திரம்: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டு. சுற்றுப்பாதை, ஏறி இறங்குவது, ஊர்வது எல்லாம் அதில் அடங்கிவிடும். பெங்களூர் – டெல்லி 1,700 கி.மீ.: இரண்டரை மணி நேரம் வருகிறது, டிக்கெட்டில் இரண்டே முக்கால் இருக்கும். பெங்களூர் – சிங்கப்பூர் 3,180 கி.மீ.: நாலேகால் வருகிறது. லண்டன் 8,040 கி.மீ.: சுமார் 10 மணி. சிட்னி 9,350 கி.மீ.: பதினொன்றரை. சான் பிரான்சிஸ்கோ: 17. காற்றின் திசையைப் பார்த்து ஒரு மணி நேரம் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு மட்டும் இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். 270 கி.மீ., ஐம்பது நிமிடம் என்று வரும். தேவனஹள்ளிக்குப் போய், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் வருவதற்குள், கன்டோன்மென்ட்டில் ரயில் ஏறியவர் சென்ட்ரலில் இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

படி 7: நேரடியா, மாறிப் போவதா?

பெங்களூர் – சான் பிரான்சிஸ்கோ நேரடிச் சேவை இடையில் நிறுத்தப்பட்டும் மறுபடி தொடங்கியும் வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் அன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாறித்தான் போக வேண்டும்.

துபாய் வழி என்றால் 2,700 + 13,020, ஆக 15,700 கி.மீ. பிராங்ஃபர்ட் வழி 7,400 + 9,150, ஆக 16,550. சிங்கப்பூர் வழி 3,180 + 13,580, ஆக 16,760. மேற்கே துபாய், வடமேற்கே பிராங்ஃபர்ட், தென்கிழக்கே சிங்கப்பூர் என மூன்று திசைகளில் போனாலும் ஆயிரம் கி.மீ. வித்தியாசம்தான். அது ஒரு மணி நேரப் பறப்பு. ஆகவே தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க இங்கே எதுவுமில்லை. நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதுதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கும்.

என் அனுபவத்தில் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். ஒரு தடவை ஒரு டிக்கெட் ஏஜென்ட் எழுபது நிமிட இடைவெளி போட்டுக்கொடுத்து, "தாராளமா போதும் சார்" என்றார். வீல்சேர் வருவதற்கே அம்மாவுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. மறுபடி பாதுகாப்புச் சோதனை, இன்னொரு டெர்மினல். அடுத்த விமானத்தின் கதவு மூடுவதற்கு ஆறு நிமிடம் முன்பு போய்ச் சேர்ந்தார். பெட்டி மறுநாள் வந்தது.

அமெரிக்காவுக்குள்ளேயே மாறுவதாக இருந்தால் (நியூயார்க்கில் இறங்கி சான் பிரான்சிஸ்கோ என்பது போல) மூன்று மணி நேரம் வையுங்கள். முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அபுதாபி வழியாக அங்கிருந்து நேரே அமெரிக்கா போகும் விமானமென்றால் இமிக்ரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள். அங்கே கூடுதல் நேரம் வேண்டும், அமெரிக்காவில் இறங்கியதும் நேரே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம்.

படி 8: கடிகாரமும் காலண்டரும்

டிக்கெட்டில் உள்ள எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கப் பார்த்தால் தலை சுற்றும். எல்லாவற்றையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு கழியுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அது கோடையில். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் பதின்மூன்றரை.

போகும்போது: பெங்களூரில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், இந்திய நேரம் மறுநாள் காலை 6 மணி. பன்னிரண்டரையைக் கழித்தால் அங்கே அதே நாள் மாலை ஐந்தரை. கடிகாரப்படி மூன்றரை மணி நேரத்தில் அமெரிக்கா. அம்மா இதை இன்னும் நம்பவில்லை.

வரும்போது இதற்கு வட்டி கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு அங்கே கிளம்பினால் நமக்குச் சனிக்கிழமை காலை ஒன்பதரை. பதினேழரை மணி நேரம் கூட்டினால் ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு இறங்கும். இதைத்தான் நான் கோட்டை விட்டேன். வெள்ளி இரவு கிளம்பினால் சனி அதிகாலைதானே என்று நினைத்து, வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்த '+2'-ஐப் பார்க்காமல், சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்குத் தேவனஹள்ளியில் போய் நின்றேன். அப்போது சன்னிவேலில் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. அம்மா சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. அது புரட்டாசி மாதம். சனிக்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்ததால் பெருமாளுக்குத் தளிகை போட முடியவில்லை. விரதம், திதி பார்க்கிறவர்கள் வீட்டில் இருந்தால் திரும்பும் தேதியை அவர்களிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கேட்காமல் கிளம்பவே கூடாது.

படி 9: வாசலிலிருந்து வாசல் வரை

இப்போது கூட்டலாம். அல்சூரிலிருந்து தேவனஹள்ளி சுமார் 35 கி.மீ. அதிகாலை என்றால் ஒரு மணி நேரத்துக்குள், மற்ற நேரத்தில் ஹெப்பாள் மேம்பாலத்தின் மனநிலையைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம். மழை பெய்தால் இரண்டு. வெளிநாட்டு விமானங்கள் இரண்டாவது டெர்மினலில். மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். ஆக, மதியம் 2 மணி விமானத்துக்கு ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். இது நாலரை மணி நேரம். பறப்பது 16. அங்கே இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றரை. சன்னிவேலுக்குச் சுமார் 40 கி.மீ., ஒரு மணி நேரம். மொத்தம் 23. அம்மாவுக்கு 24 ஆனதற்கு அன்றைய இமிக்ரேஷன் வரிசை காரணம். துபாயில் மாறிப் போவதென்றால்: நாலரை, அங்கே வரை 4, காத்திருப்பு 3, அடுத்து 16, பிறகு அந்த இரண்டரை. மொத்தம் 30.

இந்தக் கடைசி எண்ணைத்தான் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். எத்தனை இட்லி மிளகாய்ப்பொடி தடவிக் கட்டுவது என்பதும் இதைப் பொறுத்ததுதான்.

படி 10: கிளம்பும் நாளில்

காலையில் அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்களை ஏற்றிக்கொள்ளப்போகும் விமானம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் நீங்களும் தாமதம்தான். ஆனால் அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், கவுன்டர் பழைய நேரத்துக்கே மூடலாம்.

அங்கே அழைத்துப் போக வருகிறவர்களுக்கு டிக்கெட் நேரத்தைச் சொல்வதைவிட விமான எண்ணைக் கொடுங்கள். முதல் தடவை தங்கை டிக்கெட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பார்க்கிங்குக்குத் தண்டம் அழுதாள். இப்போதெல்லாம் சக்கரம் தரையைத் தொட்டதைப் போனில் பார்த்த பிறகுதான் சன்னிவேலில் காரை எடுக்கிறாள். அவள் போய் நின்றாலும், அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.